மட்டக்களப்பு வாவிக்கரைச் சமூகத்தில் மூப்பு: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மூப்பு உடலின் நிகழ்ச்சி. ஆயின் ஒருவர் தம்மை மூத்தவராக உணரத் தொடங்குவது சமூகத்தின் நிகழ்ச்சியாகும். நரையும் திரையும் யாவர்க்கும் பொதுவானவை. எனினும் எந்த நாளிலிருந்து ஒருவர் இனித் தாம் இளையவரல்லர் எனக் கொள்கின்றார், அதனை எவ்வாறு ஏற்கின்றார் அல்லது ஏற்க மறுக்கின்றார் என்பன அவர் வாழும் சமூகத்தின் உறவுமுறை, சொத்துரிமை, குடியிருப்பு ஆகியவற்றோடு பிணைந்தவை. இது புதிய கருத்தன்று. ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமை எவ்வாறு எனத் தம்மை வினவியோர்க்கு விடையிறுத்த சங்கப் புலவர் பிசிராந்தையார் தமது உடலைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரில் வாழும் சான்றோர் ஆகியோரையே காரணமாகக் காட்டினார். மூப்பை உறவுகளின் வழியே விளக்கிய பழந்தமிழ்ச் சான்றுகளுள் இது முதன்மையானது. அவ்வேவலர்க்கு எவ்வயதில் நரைத்தது என்பதை அப்பாடல் கூறவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

மட்டக்களப்பு வாவியின் கரைகளில் வாழும் தமிழ், முஸ்லிம் மக்களிடையே, சிறப்பாகப் பெண்களிடையே, மூப்பு ஒரு சொத்துக் கைமாற்றத்தின் வடிவில் நடுவயதிலேயே வந்து சேர்ந்தது என்பதையும், அவர்கள் அதனை எதிர்கொண்ட முறை வெறும் பணிவன்று, ஒருவகைப் பேரமே என்பதையும் காட்ட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விடயத்தில் நமக்கு உதவும் நூல்கள் பல உள்ளன. முக்குவர் வழமையைத் தொகுத்து 1876இல் கிறிஸ்தோப்பர் பிரிட்டோ வெளியிட்ட நூல், எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம், கிழக்குக் கரைத் தாய்வழிச் சமூகங்களையும் தமது ஒப்பீட்டினுட் கொணர்ந்த நூர் யல்மனின் 1967ஆம் ஆண்டு நூல், அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு பல்லாண்டு ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெருநூல் என்பன அவற்றுட் சில. இவற்றின் பொருள் குடி, கோயில், திருமணம், நிலம் என்பனவே. ஆயினும் இவை வீட்டைப் பற்றிப் பேசுமிடமெல்லாம் மூப்பைப் பற்றியும் பேசுகின்றன என்பது நமது எண்ணம்.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரைக்கு இணையாக நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடும் விரவிய நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, படும் கரை என்னும் இப்பெயர்களில் இளமைக்கும் முதுமைக்குமான உருவகத்தைக் காண விழையும் கவிஞர்களை நாம் தடுப்பதற்கில்லை. நமக்கு வேண்டியது வேறொன்று. எழுவான்கரை ஊர்களில் தென்னையும் கிணறும் கொண்ட வளவுகள் நெருங்கி அமைந்துள்ளன. அவ்வூர்களில் வாழ்ந்தோர் பலரின் நெல்வட்டைகளோ படுவான்கரையிலும் அதற்கப்பாலும் இருந்தன. விதைப்புக்கும் சூடடிப்புக்கும் ஆண்கள் தோணியேறிச் சென்று வாடிகளில் தங்கினர். வளவு ஆண்டு முழுவதும் பெண்ணின் ஆட்சியிலிருந்தது. ஆதலின் வீட்டை ஒப்படைத்தல் என்பது ஆணைவிடப் பெண்ணையே ஆழமாகத் தொட்டது.

இப்பகுதியிற் குடி என்பது தாய்வழி வரும் மரபுக்குழு. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என வழங்குவனவற்றுள் ஒருவர் தம் தாயின் குடியையே தம் குடியாகக் கொள்வர். காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம்களிடமும் இதே தாய்வழிக் குடிமுறையைக் காண்கிறோம்; பள்ளிவாசல் நிருவாகத்தில் அமரும் மரைக்காயர் குடிக்கு ஒருவராகத் தெரிவுசெய்யப்பட்டமையும் அறியப்பட்டதே. மதம் வேறாயினும் வீடு பெண்வழி இறங்கும் முறை இருசாராருக்கும் பொதுவானது. இன்று இவ்விரு மக்களையும் வேறு வேறு வரலாறுகளுக்கு உரியவர்களாகக் காட்ட முனைவோர் இவ்வுண்மையை எளிதிற் கடந்து செல்கின்றனர்.

இனி வீடு கைமாறும் முறையை நோக்குவோம். சீதனத்தின் முதற்பொருள் இங்கு வீடு. வயலும் நகையும் பணமும் அதனையடுத்தே எண்ணப்படும். மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வருகின்றான். தொடக்கத்தில் இளந்தம்பதியர் பெண்ணின் பெற்றோருடன் ஒரே கூரையின்கீழ் வாழ்வர். சில காலம் சென்றதும் பெற்றோர் மணமாகாத பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதே வளவிலோ அயலிலோ எழுப்பிய இன்னொரு வீட்டுக்குப் பெயர்வர். அடுத்த மகளுக்கு மணமாகும்போது அவ்வீடும் கைமாறும். முடிவில் கடைசி மகளின் வீட்டிலோ, வளவின் மூலையில் தமக்கெனப் போட்டுக்கொண்ட சிறு கொட்டிலிலோ முதுமை கழியும். நான்கு பெண்மக்களைப் பெற்ற தாய் நான்கு முறை வீடு நீங்கியவளாகின்றாள். பதினெட்டு, இருபது வயதில் மணமுடித்த ஒருத்தியின் மூத்த மகளும் அவ்வயதிலேயே மணமுடிப்பாளாயின், முதன்முறை வீடு நீங்கும்போது தாய்க்கு நாற்பதுக்குச் சற்று முன்பின் ஆகியிருக்கும். இன்று நடுவயதின் தொடக்கம் என நாம் கூறும் பருவம் அது. நகரத்துப் படித்த பெண்ணொருத்தி பதவியுயர்வை எதிர்பார்க்கும் வயதில் வாவிக்கரைத் தாய் தன் அடுப்பை மகளிடம் விட்டு வேறோர் அடுப்பை மூட்டினாள்.

வடமொழி தருமநூல்கள் இல்லறத்தை முடித்தவர் காடேகும் வானப்பிரத்த நிலையைப் பேசுகின்றன. தொல்காப்பியக் கற்பியலோ, இன்பம் துய்த்து முடிந்த காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களும் சுற்றமும் சூழ இருந்தே சிறந்ததைப் பயிலுவதைக் கூறுகின்றது. காட்டை அது வேண்டி நிற்கவில்லை. மட்டக்களப்பு வழக்கம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது எனலாம். ஒருவர் வீட்டை நீங்குகின்றார். ஆயின் அவர் சென்றடையும் காடு கிணற்றுக்கு அப்பால், கூப்பிடு தொலைவுக்கும் குறைந்த தூரத்தில் உள்ளது. பேரக்குழந்தை அழுதால் கேட்கும். மகளின் உலையில் என்ன வேகின்றது என்பது மணத்திலேயே தெரிந்துவிடும்.

இதன் தனித்தன்மையை விளங்கிக்கொள்ளத் தமிழ்நாட்டின் பெரும்பாலான சாதியினரிடையே நிலவும் தந்தைவழிக் குடும்பத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். அங்கே புகுந்த வீட்டில் இருபதாண்டுகள் அடங்கி வாழ்ந்த பெண், மருமகள் வரும்போது மாமியார் என்னும் அதிகாரத்தைப் பெறுகின்றாள். நடுவயது அவளுக்கு ஏற்றத்தின் பருவம். வாவிக்கரையில் நிகழ்வது இதற்கு மறுதலை. இளமையிலேயே தன் தாயிடமிருந்து வீட்டைப் பெற்று, தன் ஊரில், தன் உறவினர் நடுவே ஆட்சிசெய்த பெண், மருமகன் வரும்போது பின்கட்டுக்கு நகர்கின்றாள். மருமகன் முன் மாமி ஒதுங்கி நடப்பது மரபு. அவன் விறாந்தையில் இருக்கையில் அவள் குசினிப் பக்கமாகவே போக்குவரத்துச் செய்வாள். தன் பெயரிலிருந்த வீட்டிலேயே தான் ஒதுங்க வேண்டியவளானாள் என்னும் உணர்வை மூப்பின் முதல் அடையாளம் எனக் கொள்வதில் தவறில்லை. முழங்கால் நோவும் கண் மங்கலும் அதற்குப் பல்லாண்டு பின்னரே வருவன.

இன்னுமொன்று. மகளுக்கு மணமானபின் தாய் கருவுறுதல் கூச்சத்துக்குரியது என்னும் எண்ணம் தமிழ்ச் சமூகத்திற் பரவலாக உள்ளது. ஒரே கூரையின்கீழ் இரு தம்பதியர் வாழ்கையில் மூத்தவர்களே தம் மணவாழ்வை மறைத்தல் வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டனர். இதனைக் கற்பொழுக்கம் என்றும் பக்குவம் என்றும் புகழ்ந்து எழுதுவது எளிது. ஆனால் நாற்பது வயதுப் பெண்ணின் உடல் அவ்வாறு ஒரு நாளில் ஓய்ந்துவிடுவதன்று. இவ்விடத்திலேதான் வளவு மூலையின் சிறுவீடு வேறொரு பொருளைப் பெறுகின்றது. அது பறிப்பாக மட்டுமின்றி விடுதலையாகவும் அமைந்தது. தனி அடுப்பு, தனிக் கதவு, கணவனும் மனைவியும் யாருக்கும் கூசாமல் பேசிக்கொள்ளத்தக்க ஒரு திண்ணை ஆகியன அங்குக் கிடைத்தன. பெற்றோர் மகளுடன் தொடர்ந்து ஒரே வீட்டில் இருந்துவிடாமல் விலகிச் சென்றமைக்கு மகளின் வசதி மட்டுமே காரணம் எனக் கருதுவது ஒருதலைப்பட்சமானது.

வீடு கொடுத்தவளின் உள்ளத்தை நேரடியாக அறிவதற்குச் சான்று அரிது. நொத்தாரிசு எழுதிய உறுதியில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ உண்டு, உணர்ச்சி இல்லை என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. பெற்றோர் மகளுக்குச் சொத்தை நன்கொடையாக எழுதும் உறுதிகளிற் சீவிய உரித்தை ஒதுக்கிக்கொள்ளும் வாசகம் இலங்கையில் நன்கு பழக்கமானது. உடைமை இன்றே மகளுக்கு உரியது. இருந்து அனுபவிக்கும் உரிமை சாகும்வரை பெற்றோருக்கு உரியது. சட்ட வாசகம் என நாம் கடந்து செல்லும் அவ்வரியில் ஓர் அச்சமும் ஒரு முன்யோசனையும் உறைந்துள்ளன. கொடுத்தபின்னும் கைவிடப்படாதிருக்கும் வழியைத் தேடியவர்கள் அதனை எழுதுவித்தனர். பேரம் என நாம் மேலே கூறியது இதனையே. கொடை, அருகாமை, பராமரிப்பு என்னும் மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாக வைக்கப்பட்டன. தாய் வீட்டைக் கொடுத்தாள். மகள் அருகிலேயே இருந்தாள். தந்தைவழிக் குடும்பத்தில் தள்ளாத தாயைத் துடைத்துக் கழுவும் பொறுப்பு அயலிலிருந்து வந்த மருமகளின் மீது விழுகின்றது. இங்கோ அப்பொறுப்பு தான் பெற்ற மகளுக்குரியது. தாயினதும் மகளினதும் உடல்களுக்கிடையே கூச்சம் குறைவு என்பதை நோயாளியைப் பேணியவர் அறிவர்.

இவ்வொழுங்கு தொன்றுதொட்டு மாறாது வந்தது எனக் கருதுவோமாயின் வரலாற்றைத் தவறவிட்டவராவோம். பிரிட்டோ தொகுத்த முக்குவர் வழமையில் பரம்பரைச் சொத்தாகிய முதுசொம் வேறு, ஒருவர் தாமே ஈட்டிய தேட்டம் வேறு. ஆணொருவன் இறந்தால் முதுசொம் அவனுடைய மக்களுக்குச் செல்லாது, உடன்பிறந்தோருக்கும் பின் சகோதரியின் மக்களுக்கும் சென்றது. சொத்தின் இறக்கத்தை இங்கு ஒருவரின் இறப்பே தீர்மானித்தது. கையில் முதுசொம் உள்ளவரை முதியவர் முதியவராகவே மதிக்கப்பட்டார், இளையவன் காத்திருந்தான். பின்னர் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. கண்டிச் சட்டம், முஸ்லிம் சட்டம், தேசவழமை என்பன தொடர்ந்து நிலவ, முக்குவர் வழமை நீதிமன்றத்தில் வலுவிழந்தது. அவ்வழமையை விளக்கும் நூல் அதே ஆண்டில் வெளிவந்தமை வரலாற்றின் குறும்புகளில் ஒன்று.

புதிய சட்டத்தின்படி, இறுதி விருப்பாவணமின்றி இறந்தவரின் சொத்தில் வாழ்க்கைத்துணைக்குரிய பாதி நீங்கலாக எஞ்சியது ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் சமமாகப் பகிரப்படுதல் வேண்டும். வீடும் வயலும் பெண்வழி இறங்கவேண்டுமாயின் அவற்றை இறப்புக்கு முன்னரே கொடுத்துவிடுதல் வேண்டும். அவ்வாறு கொடுத்தற்குரிய வழி சீதனம். சீதனம் 1876இல் தோன்றியதன்று, முன்னரும் இருந்ததே. ஆயின் மருமக்கள்வழி முதுசொம் தேய, மகள்வழிச் சீதனம் தாய்வழிச் சொத்தின் முதன்மை வாயிலாயிற்று என்பது மக்கில்வ்ரே முதலியோரின் ஆய்வால் தெளிவாகின்றது. இம்மாற்றத்தின் ஒரு விளைவை நாம் இங்கு வற்புறுத்த விரும்புகிறோம். சொத்துக் கைமாறும் கணம் முதியவரின் மரணப் படுக்கையிலிருந்து மகளின் மணவறைக்கு நகர்ந்தது. அதாவது அறுபதிலோ எழுபதிலோ வரவேண்டியது நாற்பதில் வந்தது. குடியேற்ற ஆட்சியின் சட்டமொன்று மட்டக்களப்புப் பெண்ணை இருபதாண்டு முன்னதாக மூப்படையச் செய்தது என்பது மிகைக்கூற்றாகலாம். எனினும் வீட்டையும் வயலையும் உயிருடன் இருக்கும்போதே நீங்கி, அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்வதற்கான ஒரு வகையைத் தேடவேண்டிய தேவை அக்காலத்தில் வலுப்பெற்றது என்பதை மறுத்தற்கில்லை.

அவ்வகையை அவர்கள் எங்கே தேடினர்? பெண்களைப் பொறுத்தவரை, வீட்டில் இழந்த இடத்தை ஊரிற் பெற்றனர் எனலாம். பேறு பார்த்தல், குழந்தைக்கு மருந்துரைத்தல், செத்தவீட்டில் ஒப்பாரி தொடங்குதல், கலியாணப் பேச்சில் குடி பொருத்தம் பார்த்தல் என்பன மூத்த பெண்களின் துறைகளாயின. எந்தக் குடிக்கும் எந்தக் குடிக்கும் கொண்டு கொடுப்பு உண்டு என்னும் அறிவு எழுத்தில் இருந்ததைவிட அவர்களின் நினைவிலேயே மிகுதியாக இருந்தது. வைகாசியில் கண்ணகி கோயில்களில் நிகழும் சடங்கிலும் குளிர்த்தியிலும் குரவையொலி எழுப்பும் மூத்த பெண்களைக் காணலாம். கணவனை இழந்தவளாகிய கண்ணகியைத் தெய்வமாகக் கொண்ட ஊர்களில், கைம்பெண்ணின் மூப்பு முற்றிலும் அமங்கலமாகக் கொள்ளப்படாதிருக்க இவ்வழிபாடு உதவியிருத்தல் கூடும். சூடு, குளிர்மை என்னும் சொற்களால் உடலையும் உணவையும் தெய்வத்தையும் ஒருங்கே விளக்கும் இம்மக்கள் மாதவிலக்கு நின்ற உடலை இச்சொற்களாலேயே விளங்கிக்கொண்டனர்.

ஆண்களின் நிலை வேறு. வீடு அவர்களுடையதாக என்றுமே இருந்ததில்லை. முதலில் மனைவியினுடையது, பின்னர் மகளினுடையது. அவர்களின் மூப்புக்கு மதிப்பளித்த இடங்கள் கோயிலும் களரியும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயில் போன்ற தேசத்துக் கோயில்களில் வண்ணக்கர் பதவியும் திருவிழாப் பங்கும் குடிவழி அமைந்தவை. வயலில் ஏர்பிடிக்கும் வலு குன்றியவன் திருவிழாவில் தன் குடியின் பெயரால் முன்னிற்கலாம்.

கூத்துக் களரியிலோ மூப்பு படிப்படியாகப் பயிலப்பட்டது. மீசை அரும்பாத இளைஞனுக்குப் பெண் வேடம். உடல் முறுகியபின் அரசனோ வீரனோ. ஆட்டத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியபின் பிற்பாட்டு. தேர்ந்தவனாயின் மத்தளத்துடன் அண்ணாவியார். வடமோடி ஆட்டம் உடலை வருத்துவது. விடியும்வரை ஆடிய அக்காலத்தில் அதன் கடுமை இன்னும் மிகுதி. தன் கால்கள் இனி ஒத்துழையா என்பதை ஆட்டக்காரன் ஊரார் முன்னிலையிலேயே அறிந்தான். ஆயின் அவன் களரியை விட்டு இறங்கவேண்டியிருக்கவில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தான். தான் ஆடிய வேடத்தை அடுத்த தலைமுறை இளைஞன் ஆட, அவனுக்குப் பாட்டெடுத்துக் கொடுத்தான். சட்டங் கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் நீளும் பழக்கத்தில் முதியவனுக்கும் இளையவனுக்கும் இடையே உண்டாகும் உறவு, தந்தை மகன் உறவைவிட இலகுவானதாக இருந்திருக்கலாம். 1950களிலும் 1960களிலும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இக்கூத்துகளைச் சுருக்கி நகர மேடைக்குக் கொணர்ந்தமை கலைக்குப் பெருந்தொண்டு. ஆயினும் பல்கலைக்கழக மேடையில் ஆடியோர் இளம் மாணவர்களே. ஓரத்தில் நிற்கும் முதியவருக்கு ஊர்க்களரியிற் கிடைத்த இடம் படச்சட்ட மேடையில் அதே அளவிற் கிடைத்ததெனக் கூறமுடியாது.

மேலே கூறியன யாவும் ஓரளவேனும் நிலமுடையோரின் கதை என்பதை இங்கு அழுத்திக் கூறுதல் வேண்டும். போடியாரின் மனைவி வீடு கொடுத்துச் சிறுவீட்டுக்குச் சென்றாள் எனில், கொடுப்பதற்கு அவளிடம் வீடு இருந்தது. அடுத்த வீட்டை எழுப்பப் போடியாரிடம் நெல் இருந்தது. போடியாரின் வயலிற் கூலிக்கு உழைத்த முல்லைக்காரனுக்கும் அவன் மனைவிக்கும் மூப்பு இவ்வாறு வரவில்லை. அவனை மூத்தவனாக்கியது மகளின் கலியாணமன்று. அடுத்த போகத்துக்கு அவனை வேண்டாமென்ற போடியாரின் சொல். ஒரே ஓலைக் கொட்டிலில் மகளும் மருமகனும் தாயும் தகப்பனும் வாழ, யார் யாருக்கு வீடு கொடுத்தார் என்னும் வினாவே எழவில்லை. மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே ஐம்பது வயதுக்குமேலும் கூலிவேலையை நிறுத்தமுடியாத தகப்பன்மாரும் தமையன்மாரும் இம்முறையின் மறைவான விலையைச் செலுத்தினர். தாய்வழிமுறையைப் பெண்ணுரிமையின் பொற்காலமாகக் காட்டும் போக்கை, கிழக்கிலங்கைப் பெண்தலைமைக் குடும்பங்களை ஆராய்ந்து கஞ்சனா ருவன்புர 2006இல் வெளியிட்ட நூல் நன்கு மறுத்துள்ளது. வீடு பெண்ணின் பெயரில் இருந்தும் அதிகாரம் ஆணிடமே தங்கியிருத்தல் இயலும்.

1983 முதல் 2009 வரை நீடித்த போர் இவ்வொழுங்கின் காலக்கணக்கையே குலைத்தது. 1990ஆம் ஆண்டில் வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான், காத்தான்குடி என்னும் பெயர்கள் இப்பகுதி மக்களின் நினைவில் எவ்வாறு பதிந்தன என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. நமது பொருளுக்கு வேண்டியது இது: முப்பது வயதில் கணவனை இழந்த பெண் ஒரே நாளில் மூத்தவளானாள், மகனைத் தேடி முகாம் முகாமாகச் சென்ற தாயோ தன் மூப்பைக் கேடயமாகப் பயன்படுத்தினாள். இளைஞர் வெளியிற் செல்ல அஞ்சிய காலத்தில் நரைத்த தலையுடன் சோதனைச் சாவடியைக் கடப்பது ஓரளவு எளிதாயிருந்தது. நடுவயதுப் பெண்கள் தம்மை வயதுக்கு மேல் முதியவராகக் காட்டிக்கொள்வதில் நன்மை கண்ட காலம் அது. காணாமற்போனோரைப் பற்றி அறிய அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்கச் சென்ற தாய்மாரைப் பற்றிப் பற்றீசியா லோறன்ஸ் எழுதியுள்ளார். மகளுக்கு வீடு கொடுத்து ஓய்வதற்குரிய வயதில் அவர்கள் ஓயவில்லை. ஓய முடியவும் இல்லை.

மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்லும் வழக்கம் இதனை வேறுவகையில் தொடர்ந்தது. மகள் வெளிநாடு சென்றால் அம்மம்மா மீண்டும் பெரிய வீட்டுக்குத் திரும்புகின்றாள். கைவிட்ட அடுப்பை மறுபடி மூட்டுகின்றாள். 2013இல் நடைமுறைக்கு வந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறை, பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பாளர் யார் என்பதைக் காட்டுமாறு வெளிநாடு செல்லும் தாயைக் கேட்டது. அம்மம்மாவின் உழைப்பு அரச படிவமொன்றின் கண்ணில் பட்டதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. அதற்குக் கூலி என ஏதும் அப்படிவத்தில் இல்லை. அரசின் வயதுக்கணக்கோ தனிவழி செல்கின்றது. ஊழியர் சேமலாப நிதியைப் பெறப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியவராக 60. வறிய முதியோருக்கான மாதக் கொடுப்பனவுக்கு 70. நாற்பதில் வீடு கொடுத்து, அறுபதிற் பேரப்பிள்ளைகளுக்குத் தாயாகும் பெண்ணை இவ்வெண்களுள் எதனாலும் அளக்க முடியவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கியபோது அழிந்தவற்றுள் வளவுகளும் அடங்கும். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீளக் கட்டத் தடை என முதலில் அறிவிக்கப்பட்டது. நாவலடி போன்ற கரையோர ஊர்களின் மக்கள் பலர் திராய்மடு போன்ற இடங்களிற் குடியமர்த்தப்பட்டனர். குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம், ஏறத்தாழ 500 சதுர அடியில் ஒரு வீடு. உறுதிப் பத்திரம் பெரும்பாலும் குடும்பத் தலைவன் எனக் கொள்ளப்பட்ட கணவனின் பெயரில். தாய்வழி வந்த வளவை இழந்த பெண்ணுக்கு ஈடாகக் கிடைத்த வீடு அவள் பெயரில் இல்லாமற் போனமையை ஆய்வாளர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். ஆயினும் இதைவிட நுண்மையான இழப்பொன்று உண்டு. அத்துண்டு நிலத்தில் இரண்டாவது வீட்டுக்கு இடமில்லை. கிணற்றுக்கு அப்பால் என ஒன்று அங்கில்லை.

அவ்வீடுகளைப் பெற்ற குடும்பங்கள் அவற்றை எதிர்காலச் சீதனமாகவே எண்ணின என்பதை மக்கில்வ்ரேயும் லோறன்ஸும் ஆழிப்பேரலைக்குப் பிந்திய ஆய்வில் பதிவுசெய்துள்ளனர். மக்கள் தம் பழைய கணக்கைக் கைவிடவில்லை. நன்கொடையாளர் ஒரு குடும்பத்தின் உறைவிடம் எனக் கட்டியதைத் தாய் தன் மகளின் வீடு எனக் கண்டாள். தானும் கணவனும் இருக்கப்போகும் இடத்தை மட்டும் அவளால் அந்த வரைபடத்திற் காணமுடியவில்லை. நிலம் மிக நெருக்கமான காத்தான்குடி போன்ற இடங்களில் இதற்கு வேறு விடை கண்டுள்ளனர். பக்கவாட்டிற் பெருக முடியாத வளவு மேல்நோக்கிப் பெருகுகின்றது. கீழ்த்தளம் ஒரு மகளுக்கு, மேல்மாடி இன்னொரு மகளுக்கு. பெற்றோர் எத்தளத்தில் இருப்பது என்பதைக் கலியாணப் பேச்சின்போதே பேசி முடிக்கவேண்டியுள்ளது. மாடிப்படி ஏற இயலும் வயதில் அப்பேச்சு நிகழ்வதால், ஏற இயலாத காலத்துக்குரிய ஏற்பாட்டை அப்போது யாரும் கேட்பதில்லை.